கையெழுத்துப் போட்டவர் முதலில் ஏறணும்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் நலம் என்று ஞாயிற்றுக்கிழமை அம்மா சொன்னாள். உன் போன் வரும் பத்து நிமிஷத்தில் ஒன்பதரை நிமிஷம் அம்மாவுக்கும், மீதி அப்பாவுக்கும் போய்விடுகிறது. எனக்குக் கிடைப்பது "வெச்சிடட்டுமாடா?" மட்டும்தான். அதனால் கடிதம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மே மாதம் படிப்பு முடிகிறது. போன வாரம் ராணுவத்துக்கு ஆள் எடுக்கக் கல்லூரிக்கே வந்திருந்தார்கள். மேஜைமேல் இரண்டு கட்டுப் படிவம். பச்சை, சிப்பாயாகச் சேர. வெள்ளை, அதிகாரியாகச் சேர. பட்டம் வாங்கியவன் இரண்டில் எதையும் கொடுக்கலாம், ஆனால் ஒன்றைத்தான் கொடுக்கலாம். கடைசி நாள் ஏப்ரல் 30. நான் இரண்டையும் வாங்கி வந்து, இரண்டையும் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் வைத்திருக்கிறேன்.

லிஃப்ட் கம்பெனி ஒன்றும் கூப்பிட்டிருக்கிறது. முப்பது வருஷம் மேலும் கீழும் போய்வர எனக்குப் பொறுமை இல்லை. நீ ராணுவப் பட்டறையில் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது. உன் கடிதங்களில் வந்த எஞ்சின் எல்லாம் எனக்கு மனப்பாடம். நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்த நான் தொட்டது ஒரே ஒரு எஞ்சின். அதையும் பாதியாக வெட்டி, சிவப்பும் நீலமும் பெயின்ட் அடித்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள்.

முடிவெடுக்க ஒரு அட்டவணை போட்டேன். பதினோரு அம்சம், ஒவ்வொன்றுக்கும் எடை, மொத்தம் நூறு. பச்சை 61, வெள்ளை 60. ஒரு மதிப்பெண்ணை நம்பி எவனும் பாலம் கட்டமாட்டான்.

அப்பா வெள்ளைக் கட்சி. முப்பது வருஷமாக ரயில் முன்பதிவுக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவர் இல்லையா, "மேல் படுக்கை காலியா இருக்கறப்ப எவனாவது கீழ் படுக்கை கேப்பானாடா?" என்றார். "எல்லாரும் கீழ் படுக்கைதான்பா கேக்கறாங்க. நீங்களே தினம் வந்து புலம்பறீங்களே" என்றேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு டிவி பக்கம் போய்விட்டார்.

அம்மாவின் கவலை வேறு. எந்தப் படிவமானாலும் போட்டோ ஒட்டணும், வாயை மூடிக்கொண்டு எடு என்கிறாள். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கிறவளுடைய சொந்தப் பிள்ளைக்கு முன்பல் பாதிதான் என்பது அவளுக்குப் பதின்மூன்று வருஷ மானப் பிரச்சினை. அந்தப் பல் யாரால் போனது என்று உனக்கு நினைவூட்டத் தேவையில்லை. இருந்தாலும் நினைவூட்டுகிறேன். சைக்கிளுக்கு நீதான் புது பிரேக் கம்பி மாட்டினாய். எல்லாத் திருகையும் இறுக்கினாய், கடைசித் திருகைத் தவிர. "ஏறுடா, சூப்பரா இருக்கு" என்றாய். ஏறினேன். சரிவு முடியும் இடத்தில் தபால் பெட்டி இருந்தது.

பச்சையா, வெள்ளையா? ஒரே வரியில் பதில் எழுது. கதை வேண்டாம்.

உன் தம்பி,
அரைப்பல்லன்


மார்ச் 13

டேய் அரைப்பல்லா,

ஒரே வரியில் எழுத நான் என்ன தந்தி ஆபீஸா? உட்கார்ந்து படி.

முதல் விஷயம். அந்தத் தபால் பெட்டி அங்கே இருந்தது என் தப்பில்லை.

இரண்டாவது. அதிகாரி என்றால் என்ன என்று உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும், வருஷத்துக்கு ஒருவரை நான் வளர்க்கிறேன். பயிற்சி முடித்த கையோடு லெப்டினன்ட் என்று ஒரு பிள்ளையைப் பட்டறைக்கு அனுப்புவார்கள். எந்தப் பக்கம் திருகினால் இறுகும், எந்த மெக்கானிக்கிடம் கோபப்படக் கூடாது, எல்லாம் நான் சொல்லிக்கொடுத்து, தானாக நடக்கப் பழகும் சமயத்தில் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்தது வரும். இப்போது இருப்பவருக்குக் குட்டி சார் என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல பிள்ளை. ஆனால் கூச்சம். ஒரு ஸ்பானர் கேட்பதற்கு மூன்று தடவை தொண்டையைக் கனைப்பார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி ரிப்பேர் முடிந்ததும் ஒரு தாள் வரும். கீழே மெக்கானிக் கையெழுத்து, மேலே அதிகாரி கையெழுத்து. மேலே கையெழுத்துப் போட்டவர்தான் அந்த வண்டியில் முதலில் ஏறி மைதானத்தை மூன்று சுற்று வரணும். இது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. எப்போதோ ஒரு மேஜர் ஆரம்பித்து வைத்துவிட்டுப் போனது. தானே ஏறணும் என்றால் யாரும் தாளைக் கொஞ்சம் நிதானமாகப் படிப்பார்கள் அல்லவா? குட்டி சார் ஏறும்போது ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு வருவார். மடியில் கட்டிப் பிடித்துக்கொள்வார். "சார், நான் பண்ணின வண்டி சார்" என்பேன். "தெரியும் சார்ஜென்ட், இது சும்மா" என்பார்.

மூன்றாவது. நீ வெள்ளைப் படிவம் கொடுத்து லெப்டினன்ட் ஆனால், உன்னைப் பார்த்ததும் நான் சல்யூட் அடிக்கணும். மூன்றாம் வகுப்புவரை பாயை நனைத்தவனுக்கு. என் கை தூக்காது.

நாலாவதுதான் முக்கியம். சார்ஜென்டும் அதற்கு மேல் உள்ளவர்களும், புதிதாகச் சிப்பாயாகச் சேரும் தம்பி தங்கையைத் தங்கள் பிரிவுக்கே கேட்டு வாங்கலாம். உடன்பிறப்பு மனு என்று ஒன்று இருக்கிறது. அதிகாரி ஆனால் தலைகீழ். கூடப் பிறந்தவர்கள் ஒரே பிரிவில் இருக்கவே கூடாது. ஒருத்தருக்கொருத்தர் சலுகை காட்டிவிடுவார்களாம். நாம் இருவரும் வீட்டில் எப்படி இருந்தோம் என்று இவர்கள் பார்த்ததில்லை.

அதனால் பச்சை. மனு எழுதக் காகிதம் வாங்கிவிட்டேன். பையன்கள் அறையில் ஜன்னலோரம் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ வருவதற்கு முன்பே உனக்கு இங்கே பெயரும் வைத்தாகிவிட்டது. பழைய பெயர்தான். நான்தான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

சமையலறையைப் பற்றி மட்டும் கேட்காதே. நேற்று வந்த சூப்பில் கரண்டி தானாக நின்றது.

சார்ஜென்ட் அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. தேவையான தகவல் ஏழு வரி, மீதி வாய். பரவாயில்லை.

அட்டவணையில் "அக்கா இருக்கும் இடம்" என்று பன்னிரண்டாவது அம்சம் சேர்த்தேன். இப்போது பச்சை 72, வெள்ளை 58. எடையைக் கேட்காதே. நியாயமாகத்தான் போட்டேன்.

ஆக, பச்சை. அதிகாரி என்றால் கையெழுத்துப் போடுகிறவன். எனக்குக் கையெழுத்துப் போட வேண்டாம், கழற்ற வேண்டும். நீ கழற்று, நான் கூட நிற்கிறேன். நீ மறக்கும் கடைசித் திருகை நான் இறுக்குகிறேன். சின்ன வயதிலிருந்து நடக்கும் ஏற்பாடுதான், இனி சம்பளம் கிடைக்கும்.

மனுவை எழுதி ஏப்ரல் முதல் வாரத்துக்குள் அனுப்பு. பச்சைப் படிவத்தோடு சேர்த்துத்தான் வாங்குவார்களாம், ஆள் எடுக்கும் ஆபீஸ் குமாஸ்தாவிடம் கேட்டுவிட்டேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கவுண்டருக்கு வருகிறவர்களிடம் "பையன் லெப்டினன்ட் ஆகப்போறான், ஜன்னலோரமா நடுவுலயா?" என்று ஒரே மூச்சில் கேட்கிறாராம். அவருக்கு விஷயம் தெரியும்போது நான் ரயிலில் இருக்க வேண்டும்.

கட்டிலின் நீளம் என்ன? எனக்குக் கால் வெளியே நீட்டிக்கொள்ளும்.

அரைப்பல்லன்


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் அப்பா அம்மாவும் நலம் என்று நம்புகிறேன். இங்கே நல்ல வெயில். சாப்பாடு நன்றாக இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். பச்சையும் வேண்டாம், வெள்ளையும் வேண்டாம். லிஃப்ட் கம்பெனி நல்ல கம்பெனி. வீட்டோடு இருக்கலாம். அம்மாவுக்கும் வயதாகிறது. மனு அனுப்பவில்லை.

எழுத்து கோணலாக இருந்தால் பேனா சரியில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 8

அக்கா,

இது என்ன கடிதம்? பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொன்னால் எழுதும் கடிதம். உன் கடிதத்தை மேஜைமேல் வைத்து, ஓடாத எஞ்சினைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

கோணலுக்குக் காரணம் பேனா இல்லை. மை வலப்பக்கமாக இழுத்திருக்கிறது. எழுதிய கை எழுதின வார்த்தைமேலேயே உரசிக்கொண்டு போயிருக்கிறது. அதாவது இடது கை. உன் வலது கைக்கு என்ன ஆச்சு?

"உடம்பைப் பார்த்துக்கொள்" என்று என் வாழ்நாளில் நீ எனக்கு எழுதியதில்லை. போன பிறந்தநாளுக்கு "இன்னும் இருக்கியா?" என்று எழுதினாய்.

அம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. காலையில் என்னை எழுப்ப அவள் கட்டிலையே தூக்குகிறாள்.

சாப்பாடு நன்றாக இருக்கிறது என்கிறாய். ஆறு வருஷமாக அந்தச் சமையலறையைத் திட்டாத ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

குட்டி சாரைப் பற்றி ஒரு வரி இல்லை. கட்டில் நீளம் இல்லை.

கடைசியாக, கையெழுத்து. சட்டைக் கையில் மூன்றாவது பட்டை கிடைத்த நாளிலிருந்து நீ பால்காரனுக்குச் சீட்டு எழுதினாலும் சார்ஜென்ட் என்றுதான் போடுவாய். சார்ஜென்ட் எங்கே?

மழுப்பாமல் எழுது. இன்னும் இருபத்திரண்டு நாள்தான் இருக்கிறது. அம்மாவிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் சொல்வேன். அப்புறம் அவள் ரயிலேறி வந்து உன் கேப்டனுக்கு டோக்கன் கொடுப்பாள்.

தம்பி


ஏப்ரல் 15

டேய்,

நீ படித்தது எஞ்சினியரிங்கா, போலீஸ் வேலையா?

சரி, சொல்கிறேன். இடது கையால்தான் எழுதுகிறேன், சுருக்கமாகத்தான் வரும். சந்தோஷப்படு.

பதினேழாம் நம்பர் லாரி. பிரேக் குழாய் முழுக்க மாற்றினேன். மாற்றினால் உள்ளே காற்று நிற்கும், ஒவ்வொரு சக்கரமாக அந்தக் காற்றை வெளியேற்றணும், இல்லாவிட்டால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். உனக்குத் தெரிந்ததுதான். மூன்று சக்கரம் முடித்தேன். நாலாவதுக்குப் போகும்போது பையன்கள் கத்தினார்கள், "சார்ஜென்ட்! தம்பி கட்டில் வந்திருச்சு, வந்து பாருங்க!" போய்ப் பார்த்தேன். நல்ல கட்டில். ஆறடி இரண்டங்குலம். உட்கார்ந்து பார்த்தேன், ஜன்னலைத் திறந்து பார்த்தேன். திரும்பி வந்து தாளை எடுத்து நாலு சக்கரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டு நேரம். குட்டி சார் பசியோடு நின்றார். "நீங்க போய் சாப்பிடுங்க சார், உங்களுக்குப் பதிலா நானே ஏறறேன்" என்றேன். "நிச்சயமா சார்ஜென்ட்?" என்றார். "நான் பண்ணின பிரேக் சார்" என்றேன். பானெட்மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். தலையணையை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். நான் சிரித்துவிட்டு ஓரமாகப் போட்டேன்.

இரண்டு சுற்று ஒன்றுமில்லை. மூன்றாவது சுற்றில் பெடல் அடிவரை போனது, லாரி நிற்கவில்லை. கைபிரேக்கை இழுத்தேன், அதனால்தான் சுவரோடு நின்றது. சமையலறைச் சுவர். உள்ளே யாருக்கும் அடியில்லை. சூப் அண்டா மட்டும் கவிழ்ந்தது. தூசி அடங்கியதும் சமையற்காரர் கரண்டியோடு வெளியே வந்து, என்னையும் லாரியையும் பார்த்து, "மணி அடிச்சதுக்கப்புறம்தான் உள்ள வரணும்!" என்றார். குட்டி சார் வரிசையில் முதல் ஆளாகத் தட்டோடு நின்றிருக்கிறார்.

என் மணிக்கட்டில் விரிசல். விசாரணையில் குட்டி சார் தொண்டையைக் கனைக்காமல் "என் தப்பு, நான்தான் ஏறியிருக்கணும்" என்றார். நான் என் தப்பு என்றேன். இரண்டும் சரி என்று எழுதிவிட்டார்கள். அவர் இப்போது கிடங்கில் கம்பளி எண்ணுகிறார். எனக்கு ஒரு பட்டை போய்விட்டது, ஒன்பது மாதத்துக்கு. சார்ஜென்டுக்குக் கீழே உள்ளவர்கள் மனு போட முடியாது. அதனால்தான் மனு அனுப்பவில்லை.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. "நீ மறக்கும் கடைசித் திருகை நான் இறுக்குகிறேன்" என்று நீ எழுதிய கடிதம் அதே வாரம் வந்து சேர்ந்தது.

இப்போது கேள். ஒன்பது மாதம்தானே, பட்டை திரும்பி வந்துவிடும். இந்த வருஷம் எந்தப் படிவமும் கொடுக்காதே. அடுத்த வருஷம் பச்சையைக் கொடு, நான் மனு போடுகிறேன். கட்டிலை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பையன்கள் அதன்மேல் துணி காயப்போடுகிறார்கள், கட்டில் அங்கேயேதான் இருக்கிறது.

வருவாய்தானே?

கார்ப்பரல் அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். கோபமாக வருகிறது, அதனால் எழுதுவது முரட்டுத்தனமாக இருக்கும். பொறுத்துக்கொள்.

பெடலில் ஒரு தடவை கால் வைத்தாலே தெரிந்திருக்கும். வேறு ஒருத்தர் வைத்திருந்தால். நீ வைத்தால் தெரியாது. உன் காலுக்கு உன் கை செய்தது எல்லாம் சரிதான். அதனால்தான் அந்த மேஜர் மெக்கானிக்கை ஏறச் சொல்லவில்லை, மேலே கையெழுத்துப் போடுகிறவரை ஏறச் சொன்னார். நான் அதைச் சும்மா கையெழுத்து என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் ஒரு வேலை. குட்டி சார் அந்த வேலையைச் செய்யவில்லை. நீ செய்யவிடவில்லை.

அடுத்த வருஷம் நான் பச்சையில் வந்து உன் பட்டறையில் நிற்கிறேன் என்று வை. புதிதாகச் சேர்ந்த சிப்பாய். நீ சார்ஜென்ட். "அக்கா, நாலாவது சக்கரம் பாத்தியா?" என்று கேட்பேன். எல்லார் முன்னாலும் என்ன சொல்வாய்? "போடா, போய் டீ வாங்கிட்டு வா." நான் வாங்கிக்கொண்டு வருவேன். அந்த நேரத்தில் லாரி கிளம்பியிருக்கும்.

உன் பிரேக்கைச் சோதித்தவன் நான். பல்லைக் கொடுத்துச் சோதித்தவன். எனக்குத் தெரிந்த வேலையே அதுதான் என்று இப்போதுதான் புரிகிறது.

இன்று காலை வெள்ளைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். பச்சையைக் கிழித்துவிட்டேன், யோசனை திரும்பி வராமல் இருக்க. அட்டவணையைப் பார்க்கவில்லை.

ஒரே பிரிவில் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். உன் லாரியில் நான் ஏற முடியாது. வேறு யாருடைய அக்காவோ ரிப்பேர் பண்ணின லாரியில் ஏறுகிறேன். நீ கேட்டது இது இல்லை என்றும் தெரியும்.

கட்டிலைப் பையன்களுக்கே கொடுத்துவிடு.

அப்பாவிடம் சொன்னேன். கவுண்டருக்குப் போய், வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறார். ஒருவர் ரயிலைத் தவறவிட்டுவிட்டார்.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

இது மூன்றாவது கடிதம். மே மாதம் ஒன்று எழுதினேன், ஜூனில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். எனக்கு வரும் அந்த ஒரு வார்த்தையும் இப்போது இல்லை. கோபமாக இருந்தால் திட்டி எழுது. எழுதாமல் இருப்பது உனக்குப் பழக்கமில்லை, கை வலிக்கப்போகிறது.

தேர்வு முடிந்தது. நாலு நாள். கடைசி நாள் ஒரு பள்ளம், இரண்டு பலகை, கயிறு, ஒரு பீப்பாய். ஆறு பேர் சேர்ந்து பீப்பாயைப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோகணும். என்னைத் தலைவன் ஆக்கினார்கள். எல்லா முடிச்சையும் நானே போட வேண்டும் என்று கை பரபரத்தது. போடவில்லை. "நீங்க கட்டுங்க, நான் பாக்கறேன்" என்றேன். ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்தேன். "சரியா இருக்கு, நான் முதல்ல நடக்கறேன்" என்று நடந்தேன். நடுவில் பலகை கழன்றது. சேற்றில் கழுத்துவரை போனேன். கடைசி முடிச்சை மட்டும் இழுத்துப் பார்க்க மறந்திருக்கிறேன். சிரிக்காதே. குடும்ப வியாதி.

மேலே ஏறி வந்ததும் ஒரு கர்னல், "தலைவன் நீதானே? ஏன் நீ போனே? வேற யாரையாவது அனுப்பியிருக்கலாமே?" என்றார். "முடிச்சு சரின்னு சொன்னது நான்தானே சார்" என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். தேர்வாகிவிட்டேன்.

மருத்துவப் பரிசோதனையில் பல் டாக்டர், "இதை மூடிடலாம்பா, இலவசம்" என்றார். அம்மா கேட்டிருந்தால் அங்கேயே அழுதிருப்பாள். வேண்டாம் என்றேன். படிவத்தில் அடையாளக் குறி என்ற இடத்தில் "முன்பல் பாதி" என்று எழுதியிருக்கிறேன். இனி அதை மூடினால் நான் நான் இல்லை என்று ராணுவம் சொல்லிவிடும்.

அடுத்த வாரம் பயிற்சிக்குப் போகிறேன். புது முகவரி பின்பக்கம். மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

அரைப்பல்லன்


டிசம்பர் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எதிர்பார்த்து எழுதவில்லை. ஒரு விஷயத்தை வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன்.

பயிற்சியின் கடைசிப் பகுதியாக எங்களைப் பட்டறையில் அதிகாரி வேலை பார்க்க விடுகிறார்கள். போன செவ்வாய்க்கிழமை முதல்முறையாக ஒரு ரிப்பேர் தாளில் மேலே கையெழுத்துப் போட்டேன். இங்கே உங்கள் வழக்கம் கிடையாது. யாரும் ஏறுவதில்லை. மெக்கானிக் ஒரு கார்ப்பரல், பீரோ மாதிரி ஆள். பேனாவைத் திறந்து நீட்டினார். நான் சட்டையைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

"சார், கையெழுத்து இங்க மேல இருக்கு சார்" என்றார்.

நாற்பது நிமிஷம். நாலு சக்கரம், ஒவ்வொரு குழாய், ஒவ்வொரு திருகு. கடைசித் திருகை இரண்டு தடவை. வெளியே வந்தபோது மனிதர் முகம் தொங்கிப்போயிருந்தது. "என்ன சார் தப்பு கண்டுபிடிச்சீங்க?" என்றார். "ஒண்ணுமில்ல. அருமையான வேலை. ஏறுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்று கையெழுத்துப் போட்டேன்.

முதல் சுற்றில் கார்ப்பரல் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது சுற்றில், "பத்தொம்பது வருஷம் ஆச்சு சார். எந்த சாரும் நான் பண்ணின வண்டியில ஏறினதில்ல" என்றார். "எங்க வீட்டுப் பழக்கம்" என்றேன். மூன்றாவது சுற்றில் பிரேக் போட்டேன். நின்றது, அக்கா. எவ்வளவு அழகாக நின்றது தெரியுமா?

ஜனவரி 12 அணிவகுப்பு. அன்றைக்குத் தோளில் நட்சத்திரம் வைப்பார்கள். மூன்று அனுமதிச் சீட்டு கொடுத்தார்கள். இரண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். மூன்றாவது இதோடு இருக்கிறது. சாதாரண உடுப்பில் வா. சீருடையில் இல்லாவிட்டால் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை, விதியைப் பார்த்துவிட்டேன். கை தூக்காது என்று சொன்னாயே, அதற்காகச் சொல்கிறேன்.

தம்பி


ஜனவரி 19

அன்புள்ள லெப்டினன்ட் அரைப்பல்லன் அவர்களுக்கு,

உன் கடிதம் எல்லாம் கிடைத்தது. எதையும் தொலைக்கவில்லை. பதில் எழுதி எழுதிக் கிழித்தேன். பட்டையைப் பிரித்த அன்றைக்குக்கூட அழவில்லையடா. ஜன்னலோரக் கட்டிலைக் கிடங்குக்குத் திருப்பி அனுப்பியபோது, குட்டி சார் தன் கம்பளிகளை விட்டுவிட்டு வந்து ஒரு முனையைப் பிடித்தார், நான் ஒரு முனையைப் பிடித்தேன். கண்ணில் கிரீஸ் பட்டுவிட்டது என்று சொன்னேன். "எனக்கும் சார்ஜென்ட்" என்றார். பட்டை போன பிறகும் அவர் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். இப்போது பட்டறைக்குத் திரும்பி வந்துவிட்டார். தள்ளுவண்டிக்குச் சக்கரம் மாற்றினால்கூட ஏறி உட்காருகிறார், தலையணையோடு.

உன்மேல் கோபம் நீ சொன்னது தப்பு என்பதற்காக இல்லை. சரி என்பதற்காக. அது எவ்வளவு எரிச்சல் தெரியுமா?

அணிவகுப்புக்கு அப்பா அம்மாவோடு ரயிலில்தான் வந்தேன். அப்பா தனக்குக் கீழ் படுக்கை போட்டுக்கொண்டிருந்தார். "மேல் படுக்கை காலியா இருக்கேப்பா?" என்று கேட்டேன். "முட்டி வலி" என்றார். அம்மா வழி முழுக்க ஒரே பிரார்த்தனை, போட்டோ எடுக்கும்போது நீ வாயைத் திறக்கக் கூடாது என்று.

பட்டை, ஆபீஸ் தாமதம் பதினைந்து நாளும் சேர்ந்து, நேற்றுத்தான் திரும்ப வந்தது. நானே தைத்தேன். தைத்து முடித்ததும் பக்கத்துக் கட்டில்காரியிடம் கொடுத்து, "கொஞ்சம் இழுத்துப் பாரு" என்றேன். கையோடு வந்துவிட்டது. கடைசித் தையல் போடவில்லையாம்.

சாதாரண உடுப்பில் வரச் சொன்னாய். பெட்டியில் எடுத்து வைத்திருந்தேன். அணிவகுப்பன்று காலையில் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சீருடையைத்தான் எடுத்தேன். அன்றைக்கு இரண்டு பட்டைதான், இருந்தாலும் இஸ்திரி போட்டேன். என் கை தூக்காது என்று நான்தான் சொன்னேன். தூக்கியது. விரிசல் விட்ட கைதான், நேராகவே நின்றது.

ஒரு குறை சொல்லியாக வேண்டும். சல்யூட்டைத் திருப்பி அடிக்கும்போது அதிகாரி சிரிக்கக் கூடாது. நீ வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாய். அந்தப் பாதிப் பல் தெரிந்தது. பக்கத்தில் அம்மா "ஐயையோ" என்றாள். உன் தோளில் இருந்த நட்சத்திரத்துக்குத்தான் அடித்தேன் என்று நினைத்துத் தலைக்கனம் பிடித்து அலையாதே.

நான் அடித்தது அந்தப் பல்லுக்கு.

சார்ஜென்ட் அக்கா